சிற்பி மகளும் ஓடக்காரியும்

தமிழ்ச் சரித்திர நாவலில் அரச காதலுக்கு இரண்டு தடங்கள் உண்டு. சாண்டில்யன் தடத்தில் நாயகிகள் பெரும்பாலும் அரசகுலத்தவர்கள். ஏற்றத்தாழ்வு ஊடலிலும் வாய்ச்சண்டையிலும் கரைந்துபோகும். படிக்கச் சுவைதான். கல்கியின் தடமோ கரடுமுரடானது. அங்கே காதலர் இருவரும் ஒரே படியில் நிற்பதில்லை. தாழ்ந்த படியில் இருப்பவர் அதற்கு விலை கொடுக்கிறார். அந்த விலையை மறைக்காமல் காட்டுகிறதா என்பதே இவ்வகைக் கதைக்கு நான் வைக்கும் உரைகல்.

'சிவகாமியின் சபத'த்தில் சிற்பியின் மகள் சிவகாமி சாளுக்கியரின் வாதாபியில் சிறையிருக்க, அவளைக் காதலித்த பல்லவன் மாமல்லன் பாண்டிய இளவரசியை மணக்கிறான். பகைநகரை எரித்து அவளை மீட்கும் வல்லமை அவனுக்கு உண்டு. காத்திருக்கும் உரிமை மட்டும் அவன் பதவிக்கு இல்லை. திரும்பி வந்து உண்மை அறிந்தவளுக்கு மிஞ்சுவது ஏகாம்பரநாதர் சந்நிதி. 'பொன்னியின் செல்வ'னில் ஊமைப் பெண் மந்தாகினி தன் காதலரான சுந்தர சோழரின் உயிரை இருமுறை காக்கிறாள். தன் வழக்கைச் சொல்ல அவளுக்கு வாயே இல்லை. அக்காலம் அப்படித்தான், இன்றைய அளவுகோல் எதற்கு என்பார்கள். ஆனால் இப்பெண்களைப் படைத்தது 7-ஆம் நூற்றாண்டோ 10-ஆம் நூற்றாண்டோ அல்ல. 1940-களிலும் 50-களிலும் வாரந்தோறும் எழுதிய ஒரு பத்திரிகையாசிரியர். சற்று வலுவான மறுப்பு வேறொன்று: மன்னனுக்குக் கல்வெட்டு இருக்கிறது, கற்பனைப் பெண்ணுக்கு இல்லை, அவளைப் பட்டத்தரசியாக்க வரலாறு இடம் தராது. பாதி உண்மை. பூங்குழலி விஷயத்தில் கல்கி என்ன செய்தார்? சோழ இளவரசன் அருள்மொழியை நினைத்து ஏங்கிய அந்த ஓடக்காரியைப் பூக்கட்டும் சேந்தன் அமுதனுக்கு மணமுடித்து, பிறகு அவனையே உத்தம சோழனாக்கி அரியணை ஏற்றினார். வரலாற்றை வளைக்க அவருக்குத் தெரியும். வளைத்தும், அவளை அரசியாக்க மாப்பிள்ளையின் பிறப்பைத்தான் உயர்த்தினாரே தவிர, ஓடக்காரியை ஓடக்காரியாகவே ஓர் அரசன் கைப்பிடிக்கவில்லை.

சோழ இளவரசி குந்தவையைக் காட்டி, மேல்படியில் பெண்ணும் நிற்கிறாளே என்பார்கள். நிற்கிறாள். அவளை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகத் தஞ்சைக் கல்வெட்டே குறிப்பதால் அந்தக் காதலுக்கு ஆவணமும் துணை. ஆனால் நாடிழந்த வாணர்குலத்து இளைஞனின் வறுமை கதையில் சாகசமாகிறது. சிறையும் காயமும் அவன் புகழுக்கு நகை. சிவகாமியின் தாழ்வு தியாகமாகிறது. ஒரே ஆசிரியர், ஏறத்தாழ ஒரே வாசகர்கள். ஆணுக்கு ஏணியாக அமைந்த படிவேறுபாடு பெண்ணுக்கு மட்டும் ஏன் மதிலானது என்று அந்த வாசகர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?