கேமரா பார்க்காத மூன்று பேர்

வார்ட் செர்ரில் இயக்கிய ‘தி ஹார்ட் ஆஃப் தி கேம்’ ஆவணப்படத்தை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கூடைப்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. படம் ரொம்பப் பிடித்திருந்தது. போன குளிர்காலத்தில் இரண்டாவது முறை பார்த்தேன். இப்பவும் பிடிக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் அது தன் கதாநாயகிகளுக்கே அநியாயம் செய்கிறது என்று தோன்றியது.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. சியாட்டிலில் ரூஸ்வெல்ட் ஹைஸ்கூல். அதன் பெண்கள் அணிக்குக் கோச்சாக வருகிறார் பில் ரெஸ்லர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வரிவிதிப்பு சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர். குண்டான உடம்பு, குழந்தைச் சிரிப்பு. அந்த அணியில் வந்து சேர்கிறாள் டார்னெலியா ரஸ்ஸல் என்ற கறுப்பினப் பெண். அபாரத் திறமை, வெள்ளையர்கள் அதிகமுள்ள அந்தப் பள்ளியில் ஒட்டவும் முடியாத விலகவும் முடியாத நிலை. நடுவில் கர்ப்பம், குழந்தை, படிப்பு தடைபட்டு மறுபடி வருகை. மாநில விளையாட்டுச் சங்கம் ‘நீ ஆடக்கூடாது’ என்கிறது. வழக்கு நீதிமன்றம் போகிறது. 2004இல் மாநிலச் சாம்பியன் பட்டம். செர்ரில் பல வருடம் கூடவே இருந்து எடுத்த படம். 2006இல் தியேட்டருக்கு வந்தது, பின்னணிக் குரல் ராப் பாடகர் லூடக்ரிஸ்.

ரெஸ்லர் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு உருவகம் வைத்துக்கொள்வார். ஒரு வருடம் ஓநாய்க் கூட்டம், ஒரு வருடம் புயல், ஒரு வருடம் சிங்கங்கள். பெண்கள் ஊளையிட்டுக்கொண்டு மைதானத்துக்குள் பாய்வார்கள். ஆட்டம் முழுக்க ஓட்டம், மைதானம் முழுக்க நெருக்குதல் (ஃபுல் கோர்ட் பிரஸ் என்பார்கள்). படத்தின் வாதம் இதுதான்: அடக்கமாக இருக்கச் சொல்லி வளர்த்த பெண்களுக்கு ஒருவர் மூர்க்கமாக இருக்க அனுமதி கொடுத்தார், அவர்கள் மலர்ந்தார்கள்.

இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. அயோவா மாநிலத்தில் 1993 வரைக்கும் பல பள்ளிகளில் பெண்கள் ஆறுக்கு ஆறு என்ற தனி விதியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் தாக்க, மூன்று பேர் தடுக்க. யாரும் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. பந்தை இரண்டு தடவைக்கு மேல் தட்டக்கூடாது. பெண்ணால் முழு மைதானமும் ஓட முடியாது என்ற பழைய நம்பிக்கையின் மிச்சம் அது. தடுக்கும் பக்கத்தில் நின்ற பெண் பள்ளிக் காலம் முழுக்க ஒரு பாயிண்ட்கூட எடுக்காமல் படிப்பை முடித்திருக்கலாம். அதே நாட்டில் பெண்களை முழு மைதானமும் ஓடவிட்டு வேட்டையாடச் சொன்னது பெரிய விஷயம்தான்.

என் சிக்கல் வேறு. அதைச் சொல்ல என் வீட்டுக் கதைக்கு வர வேண்டும்.

என் மகள் இங்கே நியூ ஜெர்சியில் ஹைஸ்கூல் ஜூனியர் அணியில் ஆடுகிறாள். போன டிசம்பரில் ஒரு மேட்ச். எதிரணிப் பெண் ஒருத்தி ஓரக்கோடு வழியாக எங்கள் பெண்ணைத் தாண்டி உள்ளே பாய்ந்தாள். என் மகள் தான் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆளை விட்டுவிட்டு ஓடி வந்து குறுக்கே நின்றாள். பந்து மூலைக்குப் போனது. அவள் விட்டு வந்த பெண் தனியாக நின்று நிதானமாகக் குறிபார்த்துப் போட்டாள், மூன்று பாயிண்ட். கொஞ்ச நேரத்தில் இதே மாதிரி இன்னொன்று. நான் எழுந்து நின்று தமிழிலேயே கத்தினேன், “உன் ஆளை ஏன்டி விட்ட?”

காரில் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: “நான் விட்டது கரெக்ட்தான்ப்பா. நான் விட்ட ஆளை இன்னொருத்தி வந்து எடுத்திருக்கணும். அவ வரல. அதை எல்லார் முன்னாடியும் நான் எப்படிச் சொல்றது? அவ என் ஃப்ரெண்டு.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கு ராத்திரிதான் ஹெல்ப் டிஃபென்ஸ் என்றால் என்ன என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அது முடிந்துதான் படத்தை மறுபடி போட்டேன்.

விஷயம் சிக்கலானதில்லை. ஒருத்தியை ஒருத்தி தடுப்பது அடிப்படை. ஆனால் நல்ல ஆட்டக்காரியை ஒற்றை ஆளாக யாராலும் கடைசி வரை தடுக்க முடியாது, எப்போதாவது தாண்டிவிடுவாள். அந்த ‘எப்போதாவது’க்காக மற்ற நான்கு பேரும் முன்கூட்டியே தயாராக நிற்பதுதான் ஹெல்ப் டிஃபென்ஸ். பந்துக்கு எதிர்ப்பக்கம் இருப்பவள் தன் ஆளோடு ஒட்டி நிற்கமாட்டாள். இரண்டு கூடைகளையும் இணைத்து ஒரு கோடு போட்டால் எங்கே விழுமோ அங்கே வந்து நிற்பாள். ஒரு கை பந்தைக் காட்டும், ஒரு கை தன் ஆளைக் காட்டும். இரண்டையும் ஒரே பார்வையில் வைத்திருக்க வேண்டும், தலையைத் திருப்பினால் போச்சு.

பந்தோடு ஒருத்தி உள்ளே பாய்ந்தால் கோட்டில் நிற்பவள் குறுக்கே போகிறாள். அவள் விட்டுப்போன ஆளை மூடக் கீழே இறங்குகிறாள் மூன்றாமவள். உதவினவளுக்கு உதவி. அதற்குள் தாண்டப்பட்டவள் திரும்பி ஓடி, யார் காலியாக இருக்கிறாளோ அவளிடம் போக வேண்டும். ஓடிப்போய், கடைசி இரண்டு மூன்று அடியைச் சின்னச் சின்னதாக வைத்து, கையைத் தூக்கி நிற்க வேண்டும். இவ்வளவும் ஒரு பாஸ் காற்றில் இருக்கிற நேரத்தில். கபடியில் கார்னர் காலைப் பிடித்த நொடியில் கவர் வந்து மோதுகிறாரே, அதே தாமதமில்லாத கணக்கு. கவர் வரவில்லை என்றால் கார்னர் பிடித்தது முட்டாள்தனமாகத் தெரியும். என் மகள் அன்றைக்கு அப்படித்தான் தெரிந்தாள்.

பள்ளிப் பெண்கள் ஆட்டத்தில் இது இன்னும் முக்கியம் என்பது என் கணிப்பு. மேலே எழும்பிப் பந்தைத் தட்டிவிட்டுக் கூட்டாளியின் தப்பை மறைக்கும் நெட்டை ஆள் எல்லா அணிக்கும் கிடைப்பதில்லை. அதனால் எழும்புவதைவிட எங்கே நிற்கிறாய் என்பதுதான் காப்பாற்றும். விதியும் இடம் கொடுக்கிறது. என்பிஏவிலும் டபிள்யூஎன்பிஏவிலும் தடுப்பவர் யாரையும் பார்த்துக்கொள்ளாமல் கூடைக்கு முன்னால் மூன்று வினாடிக்கு மேல் நின்றால் குற்றம். ஹைஸ்கூலில் அந்த விதி இல்லை. வேண்டிய மட்டும் நிற்கலாம்.

இப்போது ரெஸ்லரின் ஓநாய்களுக்கு வருவோம். முழு மைதான நெருக்குதலில் அடிக்கடி நடப்பது பொறி வைப்பது. பந்து வைத்திருப்பவளை இரண்டு பேர் போய் ஓரக்கோட்டில் வைத்து மடக்குவார்கள். படத்தில் நாம் ரசிப்பது இதைத்தான், மூச்சுவாங்கல், கைகள், பயந்த முகம், பறிபோகும் பந்து. ஆனால் எண்ணிப் பாருங்கள். இரண்டு பேர் ஒருத்தியிடம் போய்விட்டால் மிச்சம் மூன்று பேர் நான்கு பேரைப் பார்க்க வேண்டும். ஒருத்தி காலியாகத்தான் இருப்பாள், தவிர்க்கவே முடியாது. யாரைக் காலியாக விடுவது என்பதுதான் அந்த மூன்று பேரின் வேலை. பெரும்பாலும் தூரத்தில் இருப்பவளை. பொறியில் மாட்டினவளின் கண் எங்கே போகிறது என்று படித்து, பந்து கிளம்பும் முன்பே நகர்ந்திருக்க வேண்டும். பறிப்பவள் மடக்கின இரண்டு பேரில் ஒருத்தியாக இருக்க வேண்டியதில்லை. பல சமயம் பத்துப் பதினைந்து அடி தள்ளி அமைதியாக நின்ற மூன்றாமவள்தான்.

கேமராவில் அவள் பந்து கைக்கு வந்த பிறகுதான் நுழைகிறாள். எங்கிருந்து வந்தாள், எதை விட்டுவிட்டு வந்தாள் என்று நமக்குத் தெரிவதில்லை. ஆகவே ஒரு கணக்கின் விடை, ஆவேசத்தின் பரிசாகத் தெரிகிறது.

‘கையில் ஒரு கேமராவோடு ஒரு ஆள், பந்தைத்தானே தொடர முடியும்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். கோடிக்கணக்கில் செலவழிக்கும் தொலைக்காட்சியும் பந்தைத்தான் தொடர்கிறது. ஸ்கோர் ஷீட்டும் அப்படித்தான். பறித்தது, தட்டியது, ரீபவுண்ட் எல்லாம் எண்ணப்படும். சரியான இடத்தில் நின்றதால் எதிராளி பாயாமலே திரும்பிப் போனதற்குக் கட்டம் கிடையாது. நெஞ்சைக் கொடுத்துக் கீழே விழுந்து சார்ஜ் வாங்கினால்கூட, அது அங்கே எதிராளியின் ஃபவுல், அவ்வளவுதான். ஆனால் செர்ரில் ஒரு மேட்ச் பார்க்க வந்த நிருபர் இல்லை. வருடக்கணக்கில் அந்தப் பயிற்சிக் கூடத்தில் இருந்தவர். தடுப்பாட்டத்தை ஒரு வேலையாக, கற்றுக்கொள்ள வேண்டிய தொழிலாகக் காட்டும் காட்சி ஒன்றுகூட என் மனதில் நிற்கவில்லை. ஊளைதான் நிற்கிறது. நாலுக்கு நாலு நின்று பாஸ் போகப் போக நகர்ந்து பழகும் ஷெல் டிரில், கூடைப்பந்துக் கூடங்களில் சலிப்போடு நடக்கும் பயிற்சி. அதில் இரண்டு நிமிடம் காட்டியிருந்தால் போதும், மேட்ச் காட்சிகளை நாம் வேறு கண்ணால் பார்த்திருப்போம்.

எரிச்சல் என்னவென்றால், உருவகம் சரியாகத்தான் இருக்கிறது. ஓநாய் தனியாகக் கடிக்கிற மிருகம் மட்டும் இல்லை, கூட்டமாக நின்று வழியை அடைக்கும் மிருகமும்கூட. டிக் பென்னட் வகுத்த தடுப்பு முறைக்கே ‘பேக் லைன்’ என்று பெயர். அது நெருக்குதலுக்கு நேர் எதிரானது. பந்தின்மேல் ஒருத்தர், மற்ற நான்கு பேரும் கூடையைச் சுற்றிப் பதினாறு அடிக்குள் சுருங்கி நிற்பார்கள். அவர் மகன் டோனி பென்னட் 2019இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு என்சிஏஏ பட்டம் வாங்கிக் கொடுத்தது இந்த முறையை வைத்துத்தான். ஊளை கிடையாது, பார்க்கவும் கொஞ்சம் போர்தான். செர்ரிலின் படத்தில் மிஞ்சுவது பற்கள் மட்டும்.

பெண்ணின் விடுதலை என்றால் மூர்க்கம் என்று வைத்துக்கொண்டால் அன்றைக்கு என் மகள் செய்ததை எதில் சேர்ப்பது? தன் ஆளை விட்டால் ஊரே தன்னைத்தான் திட்டும் என்று தெரிந்தே விட்டாள். அதுவும் தைரியம்தானே. என்னைக் கேட்டால், பந்தை வைத்திருப்பவள்மேல் பாய்வதைவிட அது கஷ்டம்.

படம் இதைத் தொடும் இடம் மைதானத்துக்கு வெளியே இருக்கிறது, அங்கே செர்ரில் பிரமாதமாகச் செய்திருக்கிறார். நீதிமன்றம் டார்னெலியாவை ஆட அனுமதித்த பிறகும் சங்கம் விடவில்லை. வழக்கு எதிராகத் திரும்பினால் அவள் ஆடி ஜெயித்த மேட்ச்சுகள் பறிபோகும் ஆபத்து இருந்தது. கூட ஆடிய பெண்களுக்கும் அதுதான் பள்ளி வாழ்க்கை, அவர்களுக்கும் கடைசி சீசன் என்று ஒன்று உண்டு. அவள் வெளியே உட்கார்ந்தால் அவர்களுடைய கணக்கு பத்திரம். அவர்கள் அவளோடுதான் ஆடினார்கள். கேமரா அவர்கள் முகத்தில் நிதானமாக நிற்கிறது. இந்த ஒரு பகுதிக்காகவே மறுபடியும் பார்ப்பேன்.

ரெஸ்லர் தன் ஆட்டக்காரிகளுக்கென்று ஒரு உள்வட்டம் வைத்திருந்தார். பெண்கள் மட்டும் உட்கார்ந்து பேசுவார்கள், கோச்சுக்கே அனுமதி இல்லை. அதனால் நமக்கும் இல்லை. “நீ ஏன் வரல?” என்று ஒரு சிநேகிதி இன்னொருத்தியைக் கேட்கும் இடம் அதுவாக இருந்திருக்குமோ என்று இப்போது யோசிக்கிறேன். என் மகளின் அணியில் அப்படி ஒரு இடம் இல்லை. ஜனவரியில் அவளே அந்தத் தோழியிடம் பேசிவிட்டாளாம். என்ன பேசினாள் என்று கேட்டதற்கு, “அது உனக்கு எதுக்குப்பா?” என்றாள்.

இப்போதெல்லாம் நான் பக்கவாட்டுப் படிகளில் உட்காருவதில்லை. கூடைக்குப் பின்னால் சுவரோரம் ஒரு மடக்கு நாற்காலி போட்டுக்கொள்கிறேன். அங்கிருந்து பார்த்தால்தான் அந்த நடுக்கோடு நேராகத் தெரிகிறது, யார் அதில் நிற்கிறாள், யார் பந்தைப் பார்த்து மயங்கி நிற்கிறாள் என்று. ஸ்கோர் போர்டு மட்டும் தெரியாது. துடைப்பத்தோடு நிற்கும் காவலாளியிடம் கேட்டுக்கொள்கிறேன்.