மனிதப் படைப்பா, பொறிப் படைப்பா? மின்னுரைகளுக்கு முத்திரையிடுதல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மின்னூடகங்களில் வெளியாகும் உரைகளை மனிதர் எழுதியவை, செயற்கை நுண்ணறிவு எழுதியவை என இருவகையாகப் பிரித்து முத்திரையிட வேண்டும் என்னும் கோரிக்கை சட்டமாகவும் பதிப்பு நெறியாகவும் வடிவம் பெற்று வருகிறது. இந்த இருமைப் பகுப்பு தமிழ் மின்னுரைகளுக்குப் போதுமானதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் கூகுள் தமிழாக்கக் கட்டுரைகளும் தமிழ் விக்கிமூலத்தின் மெய்ப்புநிலைக் குறிகளும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. நன்னூலின் பாயிர இலக்கணம் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஓர் உரை வந்த வழியையும் அதற்குப் பொறுப்பேற்பவரையும் அறிவிக்கும் முத்திரையே ஆய்வுலகுக்குப் பயன்படும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: செயற்கை நுண்ணறிவு, முத்திரை, மின்னுரை, விக்கிமூலம், பாயிரம், நன்னூல், பொறுப்பேற்பு.

முன்னுரை

ஓர் ஆய்வாளர் சங்கப் பாடல் ஒன்றுக்கான விளக்கத்தை இணையத்தில் காண்கிறார் எனக் கொள்வோம். நடையில் பிழையில்லை. உரைநூலின் பெயரும் பக்க எண்ணும் தரப்பட்டுள்ளன. நூலை எடுத்துப் பார்க்கும்போது அப்பக்கத்தில் அக்கருத்து இல்லை. இவ்வாய்வாளருக்கு எழும் முதல் வினா, இதனை எழுதியது மனிதரா பொறியா என்பதாக இருக்கலாம். ஆனால் அவருக்கு உண்மையில் தேவைப்படும் விடை வேறு. இவ்விளக்கம் எந்த மூலத்திலிருந்து பெறப்பட்டது, அம்மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் யார், தவறு நேர்ந்தால் திருத்தும் கடப்பாடு யாருக்கு உண்டு என்பனவே அவர் அறிய வேண்டியவை. இவ்விருவகை வினாக்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவது இக்கட்டுரையின் நோக்கம்.

முத்திரையிடும் முயற்சிகள்

முத்திரையைக் கட்டாயமாக்கும் முயற்சிகள் இன்று பல நாடுகளில் நிகழ்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், தன் 50ஆம் பிரிவில், பொறி உருவாக்கிய உள்ளடக்கத்தைக் கணினி அறியும் வகையில் குறியிடுமாறு பணிக்கிறது. சீனாவில் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், கண்ணுக்குத் தெரியும் முத்திரை, கோப்பினுள் மறைந்திருக்கும் முத்திரை என இரண்டையும் வேண்டுகின்றன. இந்திய அரசு 2025 அக்டோபரில் வெளியிட்ட வரைவு விதிகள், காட்சிப் பரப்பில் குறைந்தது 10 விழுக்காட்டை முத்திரை நிரப்ப வேண்டும் என முன்மொழிந்தன. ஒலிப்பதிவாயின் அதன் தொடக்க 10 விழுக்காட்டு நேரத்தில் முத்திரை ஒலிக்க வேண்டும் எனவும் அவ்வரைவு கூறியது.

இவற்றுள் ஐரோப்பியச் சட்டத்தின் ஒரு விலக்கு தனியே நோக்கத்தக்கது. பொதுநலன் சார்ந்த செய்திகளை மக்களுக்கு அறிவிக்கும் உரை பொறியால் ஆக்கப்பட்டிருந்தால் அதனை வெளிப்படையாகக் கூற வேண்டும். எனினும் அவ்வுரையை மனிதர் ஒருவர் மீளாய்வு செய்து, அதன் வெளியீட்டுக்கு ஒருவரோ ஒரு நிறுவனமோ ஆசிரியப் பொறுப்பேற்றிருந்தால் அக்கடப்பாடு நீங்குகிறது. தோற்றத்தை அறிவிக்கத் தொடங்கிய சட்டம், உரையைப் பொறுத்தவரை, பொறுப்பு என்னும் இடத்தில் வந்து நிற்பதை இங்குக் காணலாம். வெளியீட்டு நெறிக் குழுவான கோப் அமைப்பு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட நிலைப்பாடும் இத்தகையதே. செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கட்டுரை ஆசிரியராகக் குறிப்பிடலாகாது என்பதற்கு அது கூறும் காரணம், அக்கருவியால் பொறுப்பேற்க இயலாது என்பதாகும்.

கண்டறி கருவிகளின் எல்லை

முத்திரை இல்லாத உரையைப் பகுத்தறிய இயலுமா என்பது அடுத்த வினா. ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் தானே ஒரு கண்டறி கருவியை வெளியிட்டது. பொறி எழுதிய உரைகளுள் 26 விழுக்காட்டையே அது சரியாக இனங்கண்டது. மனிதர் எழுதியவற்றுள் 9 விழுக்காட்டைப் பொறியின் எழுத்து எனத் தவறாகக் கூறியது. இவை அந்நிறுவனமே அறிவித்த அளவுகள். துல்லியம் போதாமையால் அக்கருவி அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது.

தவறு யார் மீது விழுகிறது என்பது மேலும் கருதத்தக்கது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் 7 கண்டறி கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகள் அவற்றுக்குத் தரப்பட்டன. சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை பொறியின் எழுத்து எனத் தவறாகக் குறிக்கப்பட்டன. இக்கருவிகள் பலவும் அடுத்து வரும் சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதை அளவிடுகின்றன. எளிதில் ஊகிக்கத்தக்க நடை பொறியின் நடை எனக் கொள்ளப்படுகிறது. கற்ற மொழியில் கவனமாக, அறிந்த சொற்களை மட்டும் கொண்டு எழுதுபவர் இவ்வளவீட்டில் அகப்பட்டுக்கொள்கிறார்.

இது தமிழாய்வுக்கு ஓர் எச்சரிக்கை. நம் ஆய்வேடுகளின் நடை வாய்பாடுகளால் ஆனது. ‘இவ்வியல் ஆராய்கிறது’, ‘என்பது புலனாகிறது’, ‘இதன்வழி அறியமுடிகிறது’ முதலான தொடர்கள் பக்கந்தோறும் வருவதை எவரும் அறிவர். நெறியாளர் கற்றுத்தந்த நடையைப் பிழையின்றிப் பின்பற்றும் ஆய்வு மாணவரின் எழுத்தே ஊகித்தற்கு எளியது. ஊகத்தை அளக்கும் கருவியின் எண்ணை மட்டும் சான்றாகக் கொண்டு ஒருவரின் பட்டத்தை மறுப்பது அறமாகாது. குற்றஞ்சாட்டப்பட்ட மாணவர் ‘நானே எழுதினேன்’ என்பதை மெய்ப்பிக்கவும் வழியில்லை.

கூகுள் தமிழாக்கக் கட்டுரைகள் காட்டுவது

இருமைப் பகுப்பின் போதாமைக்குத் தமிழிலேயே ஒரு சான்று உண்டு. இன்றைய மொழி மாதிரிகள் தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, 2009ஆம் ஆண்டையொட்டி, கூகுள் நிறுவனம் ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் வழியாகத் தமிழாக்கம் செய்யும் திட்டத்தை நடத்தியது. ஊதியம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் அக்கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றினர். கூகுளின் தானியங்கி மொழிபெயர்ப்புச் சேவை தமிழுக்குப் பொதுப் பயன்பாட்டில் வந்தது 2011இல்தான். ஆதலின் இக்கட்டுரைகளை ‘மனிதர் ஆக்கியவை’ என முத்திரையிட்டிருந்தால் அது பெரிதும் பொய்யாகாது.

ஆயினும் தமிழ் விக்கிப்பீடியர் அவற்றை ஏற்கத் தயங்கினர். ஆங்கிலத் தொடரமைப்பு அப்படியே தமிழ்ச் சொற்களில் வந்திருந்தது. தலைப்புகள் தமிழ் வாசகரின் தேவையை எண்ணித் தெரிவு செய்யப்பட்டவையாக இல்லை. எல்லாவற்றினும் மேலாக, கட்டுரையை ஏற்றியவர் அதன் பேச்சுப் பக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடையளித்துத் திருத்தும் உறவு அமையவில்லை. இச்சிக்கல்கள் 2010இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலும் தமிழ் விக்கிப்பீடியர் தரப்பிலிருந்து எடுத்துரைக்கப்பட்டன. விக்கிப்பீடியர் அக்கட்டுரைகளைக் கூகுள் தமிழாக்கம் என்னும் பகுப்பின்கீழ் வைத்துத் துப்புரவுப் பணிக்கு உட்படுத்தினர்.

அப்பகுப்பு ஒரு முத்திரையே. ஆனால் அது மனிதரா பொறியா என்று கூறவில்லை. இக்கட்டுரை எவ்வழியே வந்தது, இன்னும் என்ன பணி எஞ்சியுள்ளது என்பதை அறிவித்தது. மனிதக் கை பட்டதாலேயே ஓர் உரை நம்பத்தக்கதாகிவிடாது என்பதை அச்சமூகம் பட்டறிந்து கண்ட முடிவு எனலாம்.

பாயிரம் என்னும் முன்மாதிரி

ஒரு நூலின் முகப்பில் அந்நூலைப் பற்றி எவற்றை அறிவிக்க வேண்டும் என்பதைத் தமிழ் இலக்கணம் வரையறுத்துள்ளது. நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளை விதிக்கிறது. ஆக்கியோன் பெயர் அவற்றுள் ஒன்று. நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, பொருள், கேட்போர், பயன் என்பன ஏனையவை. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்து உரைப்போர் உளர் என்பதையும் அந்நூல் குறிக்கிறது. இன்றைய முத்திரை விவாதம் இவற்றுள் முதலாவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது.

இங்கு யாப்பு என்பது செய்யுள் யாப்பன்று. நூல் யாக்கப்பட்ட முறை. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக நன்னூல் அதனை வகுக்கிறது. மொழி மாதிரிகளிடம் ஆய்வாளர் இன்று ஒப்படைக்கும் பணிகளை இந்நான்கனுள் பெரும்பாலும் அடக்கிவிடலாம். நீண்ட கட்டுரையைச் சுருக்குதல் தொகுத்தல். குறிப்புகளிலிருந்து பத்திகளை ஆக்குதல் விரித்தல். சுருக்க வேண்டியதைச் சுருக்கியும் விரிக்க வேண்டியதை விரித்தும் எழுதுதல் தொகைவிரி. பிறமொழி நூலைத் தமிழில் தருதல் மொழிபெயர்ப்பு. இவற்றின் இடர்கள் ஒரே தன்மையின அல்ல. தொகுத்தலில் விடுபாடு நேரும். விரித்தலில் மூலத்தில் இல்லாதது புகும். மொழிபெயர்ப்பில் பொருள் திரியும். ‘செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்பட்டது’ என்னும் ஒற்றை வரி இவ்வேறுபாட்டை மறைக்கிறது. ‘விரித்தல்’ என்று கூறினால், புதிதாகப் புகுந்தவற்றைத் தேட வேண்டும் என்பதை வாசகர் உடனே அறிவார்.

பாயிரம் உரைப்போர் யாவர் என்பதும் நன்னூலில் வரையறுக்கப்பட்டுள்ளது. ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், தகுதியுடைய உரைகாரர் என நூலாசிரியரின் வேறான ஒருவர் அதனை உரைக்க வேண்டும். நூலுக்குச் சான்று கூறுபவர் அந்நூலை ஆக்கியவராக இருத்தலாகாது என்னும் நெறி இதில் அடங்கியுள்ளது.

விக்கிமூலத்தின் மெய்ப்புநிலைக் குறிகள்

இந்நெறிக்கு நெருக்கமான ஒரு நடைமுறை தமிழ் மின்னுலகில் இயங்கி வருகிறது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பெருந்தொகையாக ஏற்றப்பட்டுள்ளன. அவற்றின் பக்கங்கள் எழுத்துணரியால் உரையாக மாற்றப்பட்டவை. அதாவது முதற்படி பொறியின் படைப்பு. ஒவ்வொரு பக்கமும் ஒரு நிலைக்குறியைத் தாங்கி நிற்கிறது. மெய்ப்புப் பார்க்கப்படாதது சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சள். இரண்டாமவர் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே அப்பக்கத்தைப் பச்சையாக்க மென்பொருள் இடந்தராது. பக்கத்தின் ஒளிப்படம் உரையின் அருகிலேயே இருப்பதால் மூன்றாமவர் எவரும் ஒப்பிட்டு நோக்கலாம். யார், எப்போது, எச்சொல்லை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது.

இக்குறிகள் தோற்றத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. மனிதக் கண் எவ்வளவு தொலைவு சென்றுள்ளது என்பதையே கூறுகின்றன. பச்சைப் பக்கத்தை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் எதனை நம்புகிறார் என்பது அவருக்கே தெளிவாகத் தெரியும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களின் முகப்பில் தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களைக் குறித்து வருகிறது. தன்னார்வலருக்கு நன்றி கூறும் மரபாக இதனைக் கடந்து செல்வோர் உண்டு. உண்மையில் அது பொறுப்பின் பதிவு.

தடைகளும் விடைகளும்

இக்கருத்துக்கு எதிராக இரு தடைகள் எழலாம். முதலாவது, தோற்றத்தை அறிவிக்காவிடில் மொழித்தரவகம் மாசடையும் என்பது. இத்தடை வலுவுடையது. மொழி மாதிரிகளைப் பொறியின் உரைகளைக் கொண்டே மீண்டும் மீண்டும் பயிற்றினால் அவற்றின் திறன் சிதையும் என்பதை 2024 ஜூலையில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. இணையத்தில் உரைவளம் குறைந்த தமிழுக்கு இவ்விடர் மிகுதி. சொல்லடைவோ அகராதியோ உருவாக்குவோர் பொறி ஆக்கிய தொடரைத் தமிழரின் வழக்கு எனப் பதிவு செய்துவிடக் கூடும். எனவே கோப்பினுள் அமையும் கணினிக்குறி தேவையே. ஆயினும் அது தரவு தொகுப்போருக்கு உரியது. உரையை வேறு சொற்களில் மாற்றி எழுதினால் மறைகுறி வலுவிழக்கும் என்பதால், வாசகருக்கு அதுவொன்றே போதுமான சான்றாகாது.

இரண்டாவது தடை, பொறுப்பு முத்திரையும் தன்னறிவிப்பே. பொய் கூறுவோரை அது தடுக்காது என்பது. உண்மை. ஆனால் இருவகைப் பொய்களும் ஒன்றல்ல. ‘நானே எழுதினேன்’ என்னும் கூற்றைச் சோதிக்க வழி அரிது. ‘இம்மேற்கோளை இன்ன பதிப்பின் இன்ன பக்கத்தோடு ஒப்பிட்டேன்’ என்னும் கூற்றை நூலகத்தில் ஒரு மணி நேரத்தில் சோதித்துவிடலாம். சோதிக்கத்தக்க கூற்றையே ஆய்வுலகம் சான்றாக ஏற்க வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: மனிதர், பொறி என்னும் இருமைப் பகுப்பு ஓர் உரையின் நம்பகத்தன்மையைக் காட்டாது. கண்டறி கருவிகளின் தீர்ப்பு தண்டனைக்கு அடிப்படையாகாது. தமிழாய்விதழ்களும் பல்கலைக்கழகங்களும் முத்திரை வேண்டுமாயின் நான்கு செய்திகளை வேண்டலாம். பொறி செய்த பணி தொகுத்தலா, விரித்தலா, தொகைவிரியா, மொழிபெயர்ப்பா என்பது ஒன்று. உரைக்கு மூலமான நூல்களும் பதிப்புகளும் யாவை என்பது இரண்டு. மேற்கோள்களை மூலத்தோடு ஒப்பிட்டவர் யார், அவர் ஆசிரியரின் வேறானவரா என்பது மூன்று. பிழை சுட்டப்பட்டால் விடையளிப்பவர் யார் என்பது நான்கு.

இவற்றுள் பொறி பற்றிய வினா ஒன்றே. ஏனைய மூன்றும் பொறியே இல்லாத காலத்திலும் ஓர் ஆய்வேட்டிடம் கேட்கப்பட்டிருக்க வேண்டியவை. மூலநூலைக் காணாமல் பிறர் காட்டிய மேற்கோளை அப்படியே எடுத்தாளும் பழக்கம் மொழி மாதிரிகளோடு வந்ததன்று. செயற்கை நுண்ணறிவுக்கு முத்திரை கோரும் நாம், அம்முத்திரையின் வினாக்களை நம் எழுத்தின் மீதும் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.