தக்களியை யாருக்கு விளக்குகிறோம்?

கீழடியைப் பற்றி யார் பேசினாலும் ரெண்டாவது வாக்கியத்தில் 2600 ஆண்டுகள் வந்துவிடும். பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் செல்போனைத் தேடுவோம். தொல்லியலை மக்களிடம் கொண்டுபோகிறவர்கள் முடிவைச் சொல்கிறார்கள், வந்த வழியை விட்டுவிடுகிறார்கள்.

வழிதான் சுவாரசியமே. 353 சென்டிமீட்டர் ஆழத்தில், ஏறக்குறைய ரெண்டு ஆள் உயரத்துக்குக் கீழே, எடுத்த ஒரு மாதிரி அமெரிக்க ஆய்வகத்துக்குப் போனது. உயிர் போன பொருளில் கரிமம்-14 சுமார் 5730 வருஷத்தில் பாதியாகும். மிச்சத்தை அளந்து கி.மு. 580 என்றார்கள். அது அந்த மாதிரியின் வயசு. மேலடுக்கில் கிடந்த ஓட்டின் வயசு வேறு. பத்து வயசுப் பிள்ளைக்கு இதைத் துப்பறியும் கதையாகவே சொல்லலாம். சொல்லாவிட்டால், நாளைக்கு வாட்ஸப்பில் இருபதாயிரம் வருஷம் என்று வந்தாலும் அதே உற்சாகத்தோடு ஃபார்வர்ட் பண்ணும்.

2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் எனக்குப் பிடித்தது, ராஜாக்களை ஓரமாக வைத்துவிட்டு வேளாண்மை, மட்கலம், நெசவு, கடல்வழி வணிகம் என்று பிரித்திருப்பது. செட்டிநாட்டு வீட்டுப் பாணி வேறு. உள்ளே நுழையக் கூச்சம் வராது. தக்களி இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு பாட்டி, "இந்தா, இப்புடிச் சுத்தி விடணும்" என்று பேத்திக்குக் காற்றில் விரலைத் திருகிக் காட்டினார். வட்டச் சில்லுகளைப் பார்த்ததும் கூட வந்த ரெண்டு பேருக்குள் நொண்டி ஆட்ட விதிகளில் சண்டையே வந்துவிட்டது.

'பலதரப்பட்ட பார்வையாளர்' என்றதும் பொதுவாகத் திட்டம் போடுகிறவர்கள் ஒன்றும் தெரியாத கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். எளிமையாக எழுது, கலர் போடு, தொடுதிரை வை. (தொடுதிரைமேல் எனக்குப் பகை இல்லை. பிள்ளைகள் விடுவதே இல்லை.) ஆனால் மண் பிசைந்தவரும் தறியில் உட்கார்ந்தவரும் கிணற்றில் உறை இறக்கியவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு எதற்கு விளக்கம்? குறிப்பட்டை 'சுடுமண் தக்களி' என்று முடியாமல், உங்க ஊரில் இதுக்கு என்ன பேரு என்று கேட்டு, பதிலை எழுதிவைக்கட்டும். நாலு மாவட்டத்துச் சொற்கள் சேரும்.

பானையோடுகளில் தமிழியில் 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர்கள் இருக்கின்றன. சுட்ட பிறகு கீறியவை; கையெழுத்துகளும் வேறுவேறு. குயவர் எழுதினாரா, வாங்கினவர் எழுதினாரா? இந்தக் கேள்வியை விடை சொல்லாமல் அப்படியே ஓட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம். பாட்டி கட்டாயம் ஏதாவது சொல்வார். சீர் எவர்சில்வரில் பேர் வெட்டிக்கொண்டு வந்த தலைமுறை அது.