எட்டே சிப்புகள்

பழைய ஆப்பிள் 2 கணினியைப் போட்டதும் அதன் ஃபிளாப்பி டிரைவ் கடகடவென்று அலறும். பழுது ஒன்றுமில்லை, சிக்கனத்தின் சத்தம் அது. படிக்கும் முனை முதல் தடத்துக்கு வந்துவிட்டதா என்று சொல்ல மற்ற டிரைவ்களில் ஒரு சென்சார் இருக்கும். இதில் அதைத் தூக்கிவிட்டார்கள். முனையைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனால் தடுப்பில் முட்டி நிற்கும். அந்த இடம்தான் முதல் தடம். முடிந்தது கதை.

இது 1977 கடைசியில் ஆப்பிளின் ஸ்டீவ் வாஸ்னியாக் உட்கார்ந்து செய்த வேலை. ஷுகார்ட் நிறுவனத்தின் டிரைவோடு வந்த எலக்ட்ரானிக்ஸில் பெரும்பகுதியைக் கழற்றிப் போட்டார். கன்ட்ரோலர் கார்டில் மிஞ்சியவை எட்டே சிப்புகள். மீதி பாரத்தை 1 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரின் தலையில் கட்டினார். பிட்கள் ஓடிவரும் வேகத்துக்கு ஈடுகொடுக்க, சைக்கிள் சைக்கிளாக எண்ணி எழுதிய சாஃப்ட்வேர் அது. டிஸ்க்கைப் படிக்கும்போது கணினி வேறெதையும் கவனிக்காது. தரவைச் சேமிக்கக் கேசட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவருக்கு இதெல்லாம் ஒரு குறையா?

உற்பத்திச் செலவைக் குறைத்துத் தருகிறேன் என்று வரும் நல்ல டிசைன் ஆலோசகர் இன்றைக்கும் முதலில் கேட்பது, ‘இந்தப் பாகம் இல்லாவிட்டால் என்ன ஆகும்?’ என்றுதான். கேட்காதவருக்கு ஃபீஸ் தண்டம்.

அந்தக் கன்ட்ரோலர் கார்டின் செப்புத் தடங்களையும் வாஸ்னியாக்கே வரைந்தார். ஒரு சிப்பின் இணைப்புகளை வரிசை மாற்றினால் மறுபக்கம் போகும் துளைகள் சில குறையும் என்று பிறகு தெரிந்தது. வரைந்ததை ஒதுக்கிவிட்டு மறுபடி வரைந்தார். 1978-ல் டிரைவும் கார்டும் சேர்த்து முன்பதிவு விலை 495 டாலர்.