வந்தியத்தேவன் வேஷம் யாருக்கு?

திரையில் கார்த்தி குதிரையேறி வருவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்னாலேயே வந்தியத்தேவன் வேஷத்தைப் பல பேர் கட்டி முடித்துவிட்டார்கள். எம்.ஜி.ஆர். கட்டினார், கமல் கட்டினார், ரஜினி கட்டினார், விஜய் கட்டினார். எல்லாம் வாசகர்களின் தலைக்குள் நடந்த படங்கள். பொன்னியின் செல்வனைக் கையில் எடுத்தவர்கள் பாதிப் புத்தகம் தாண்டுவதற்குள் நடிகர் பட்டியலையும் போட ஆரம்பித்துவிடுவார்கள். நாலு வாசகர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் நாலு பட்டியல், ஒரு சண்டை. இதை வெட்டிப் பேச்சு என்று தள்ளுகிறவர்கள், அந்தச் சண்டையைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. நந்தினிக்கு யார் என்று ஒருவர் சொல்லும் பதிலிலேயே அவர் நாவலை எப்படி வாசித்தார் என்பது வெளியாகிவிடும். அழகைப் பார்த்து ஆள் பிடிக்கிறவர் ஒரு ரகம். பழிவாங்கும் வெறியைச் சிரிப்புக்குள் ஒளித்துவைக்கத் தெரிந்தவளைத் தேடுகிறவர் இன்னொரு ரகம். இரண்டாமவர் நாவலை இரண்டு தடவையாவது வாசித்திருப்பார்.

எஹலியகொடப் பக்கம் இந்த விளையாட்டுக்கு வசதி அதிகம். அவிசாவளையைத் தாண்டி இரத்தினபுரிக்குப் போகும் ஏ4 வீதியை ஒட்டி, றப்பரும் தேயிலையுமாகக் கிடக்கும் ஈர மண் அது. மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு கிடையாது. மரம் நனைந்துவிட்டால் சிரட்டையில் பாலோடு தண்ணீரும் இறங்கி எல்லாம் வீணாகும். அப்படிப்பட்ட காலைகளில் லயத்து இஸ்தோப்பில் நடக்கும் பேச்சுகளில் சினிமாவுக்கும் கதைப் புத்தகத்துக்கும் எப்போதும் இடம் உண்டு. அந்தப் பேச்சுக்கு ஒரு தனி ருசியும் உண்டு. காரணம், இந்த மக்கள் ஆள் பொறுக்கும் கலையைச் சினிமாவிலிருந்து கற்றவர்கள் அல்லர். கூத்திலிருந்து கற்றவர்கள்.

மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் வந்தால் காமன் கூத்து. அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டித் தகனம் வரைக்கும் போகும். ரதி, மன்மதன், சிவன், வீரபத்திரன், எமன், தூதன், குறவன், குறத்தி என்று வேஷங்கள் பல. அத்தனைக்கும் ஆட்கள் அதே தோட்டத்து லயங்களில் இருந்துதான் வரவேண்டும். ஐந்நூறு பேருக்குள் ஒரு மன்மதனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், கூத்து வாத்தியாரின் கண் எப்படி வேலை செய்யும் என்று யோசித்துப் பார்க்கலாம். முகம் அவருக்குக் கடைசிக் கவலை. முகத்துக்கு அரிதாரம் இருக்கிறது, முடி இருக்கிறது, கிரீடம் இருக்கிறது. தப்புச் சத்தத்துக்கு மேலே கேட்கும் தொண்டை இருக்கிறதா, விடிய விடிய ஆடும் கால் இருக்கிறதா, காப்புக் கட்டிய நாளிலிருந்து விரதம் காக்கும் மனம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ரதி வேஷத்தை வழக்கமாக ஓர் ஆண்தான் கட்டுவார். புருஷன் எரிந்துபோனதும் அவர் அழும் அழுகைக்குக் கூட்டம் சேர்ந்து அழ வேண்டும். அது வராத பையன் எவ்வளவு அழகாக இருந்தாலும் ரதி ஆக முடியாது.

அருச்சுனன் தபசு என்றால் தேவை இன்னும் கடுமை. நெட்டையான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏற வேண்டும். உயரத்துக்குப் பயப்படாத ஆள், ஏறும்போது மூச்சு வாங்காத குரல், இரண்டும் ஒருவனிடம் சேர்ந்திருக்க வேண்டும். பொன்னர் சங்கர் கூத்தில் அண்ணன் பொறுமை, தம்பி ஆவேசம். ஒருவர் குணம் மற்றவருக்குப் பொருந்தாது என்பதால், வேஷம் மாறிப் போனால் பார்க்கிறவர்கள் அங்கேயே குறை சொல்வார்கள். பாத்திரத்துக்கு ஆள் தேடுவதில் இவ்வளவு பயிற்சி உள்ள ஒரு சனத்திடம் வந்தியத்தேவன் யார் என்று கேட்டால், சும்மா ஒரு நட்சத்திரப் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

கல்கி எழுதிய பொன்னியின் செல்வன், கல்கி இதழில் 1950 ஒக்டோபரில் தொடங்கி 1954 வரை ஓடியது. முதல் இதழிலிருந்தே அதற்கு ஒரு நடிகர் குழு அமைந்துவிட்டது. அமைத்தவர் ஓவியர் மணியம். அவர் போட்ட கொண்டை, அவர் வரைந்த முத்துமாலை, குதிரைமேல் வந்தியத்தேவன் திரும்பிப் பார்க்கும் அந்தக் கழுத்து வளைவு எல்லாம் வாசகர் மனதில் பதிந்துபோயின. பின்னால் வந்த ஓவியர்களும் அவரைத் தாண்டுவதற்குப் படாத பாடு பட்டார்கள். எந்த நடிகையைக் குந்தவைக்குச் சொன்னாலும் ரசிகர் முதலில் ஒப்பிடுவது மணியத்தின் குந்தவையோடுதான். வார இதழில் இருந்து கிழித்து, தைத்து, அட்டை போட்ட பழைய தொகுப்புகள் இன்றும் சில வீடுகளில் கிடக்கின்றன. படமில்லாத மலிவுப் பதிப்பில் வாசித்தவர்களின் பட்டியல் வேறு மாதிரியும், மணியம் படத்தோடு வாசித்தவர்களின் பட்டியல் வேறு மாதிரியும் இருப்பதைக் கவனித்திருக்கலாம். படமில்லாமல் வாசித்தவர்களுக்கு சுதந்திரம் அதிகம். கொஞ்சம் அட்டகாசமும் அதிகம்.

1958இல் எம்.ஜி.ஆர். இந்த நாவலைப் படமாக்குவதாக அறிவித்தார். உரிமைக்குக் கொடுத்த விலை பத்தாயிரம் ரூபாய். தயாரிப்பு, இயக்கம், நடிப்பு மூன்றும் அவரே. ஜெமினி கணேசன், வைஜெயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி, எம்.என். ராஜம், பாலையா, நம்பியார், நாகையா என்று அந்தக் குழுவின் பெயர்களை இன்று வாசித்தாலும் வாய் ஊறும். பின்னாளில் இயக்குநரான மகேந்திரன் திரைக்கதை எழுத உட்கார்ந்தார். எம்.ஜி.ஆருக்கு விபத்தில் கால் முறிந்தது, ஆறு மாதம் போனது, படமும் போனது. கண்டியில் பிறந்த மனிதர் என்பதால் மலையகத்தில் எம்.ஜி.ஆருக்கு எப்போதும் ஒரு சொந்தக்காரர் மதிப்பு. அந்தத் தலைமுறை ஆட்களிடம் வந்தியத்தேவனைப் பற்றி விவாதம் நடத்த முயல்வது வீண். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: எம்.ஜி.ஆர். வந்தியத்தேவனாக வந்திருந்தால் ஒரு தடவையும் தோற்றிருக்க மாட்டார். கல்கியின் வந்தியத்தேவனோ அடிக்கடி மாட்டிக்கொள்கிறவன், உளறுகிறவன், ஓலையைத் தொலைக்கிறவன். அவன் அழகே அதில்தான் இருக்கிறது.

நட்சத்திரங்களும் இந்த விளையாட்டுக்கு விலக்கல்ல. 2022 செப்டெம்பரில் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் நடந்த, மணிரத்னத்தின் பொன்னியின் செல்வன் பட இசை வெளியீட்டில் ரஜினிகாந்த் தன் பட்டியலையே அவிழ்த்து வைத்தார். வந்தியத்தேவனுக்கு ரஜினிதான் பொருத்தம் என்று ஜெயலலிதா முன்பு ஒரு கேள்விக்குச் சொன்ன பதில்தான் தன்னை நாவல் பக்கம் இழுத்தது என்றார். வாசிக்கும்போது அருள்மொழிக்குக் கமல், குந்தவைக்கு ஸ்ரீதேவி, நந்தினிக்கு ரேகா, ஆதித்த கரிகாலனுக்கு விஜயகாந்த், பழுவேட்டரையருக்கு சத்யராஜ் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்ததாகவும் சொன்னார். எண்பதுகளின் தமிழ் சினிமாவை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. விஜயகாந்தின் சிவந்த கண்ணை ஆதித்த கரிகாலனுக்குக் கொடுத்தது அருமையான வாசிப்பு. ரஜினி பெரிய பழுவேட்டரையராக நடிக்கத் தயாராக இருந்தும் மணிரத்னம் சம்மதிக்கவில்லையாம். அதே மேடையில் கமல், வந்தியத்தேவனுக்கு ரஜினியைப் போடச் சொல்லி சிவாஜி தன்னிடம் சொன்னதை நினைவுகூர்ந்தார். ஆக, நடிகர் திலகமும் வீட்டில் உட்கார்ந்து பட்டியல் போட்டவர்தான்.

கடைசியில் வந்த படம் எப்படி? முதல் பாகம் 2022 செப்டெம்பர் 30, இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28. ஆள் தேர்வில் மணிரத்னம் எடுத்த துணிச்சல்களில் ஒன்று வயதைப் பற்றியது. ஆதித்த கரிகாலனாக வந்த விக்ரம் பிறந்தது 1966. அவருடைய அப்பா சுந்தர சோழராக வந்த பிரகாஷ்ராஜ் பிறந்தது 1965. அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். திரையில் அது உறுத்தவில்லை. படுக்கையில் கிடக்கும் அரசரின் களைப்பைப் பிரகாஷ்ராஜ் குரலிலேயே வைத்துவிட்டார், குதிரைமேல் இருக்கும் மகனின் கொதிப்பை விக்ரம் தோளில் வைத்துவிட்டார். கூத்து வாத்தியார் பார்த்திருந்தாலும் தலையாட்டியிருப்பார். ஹாரி பொட்டரிலும் இதே மாதிரிதான். ஸ்னேப் கதைப்படி முப்பதைத் தாண்டிய ஆசிரியர். அந்த வேஷத்தைக் கட்டிய அலன் ரிக்மனுக்கு முதல் படம் வந்த 2001இல் வயது ஐம்பத்தைந்து. புத்தக ரசிகர்களே இன்று வேறு ஸ்னேப்பை ஏற்க மறுக்கிறார்கள்.

அறுபத்து நான்கு விழுப்புண் பெற்ற பெரிய பழுவேட்டரையருக்கு, அறுபதைத் தாண்டிய வயதில் கவசம் பூண்டு நின்ற சரத்குமார். இது ரசிகர்களின் பட்டியல்களில் அதிகம் அடிபடாத பெயர், ஆனால் படத்தில் குறை சொல்ல முடியாத தேர்வுகளில் ஒன்று. அதற்கும் மேலே ஒரு தேர்வு உண்டு. முன்குடுமி, தொந்தி, உடம்பெல்லாம் நாமம், வாய் ஓயாத வைணவ வம்பு என்று கல்கி படைத்த ஆழ்வார்க்கடியானை, மிமிக்ரி மேடையிலிருந்து வந்த ஜெயராமுக்குக் கொடுத்தது. ஆழ்வார்க்கடியான் என்பவன் ஒற்றன். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் ஆளாகப் பேசத் தெரிந்தவன். அந்த வேஷத்துக்கு மிமிக்ரிக்காரரை விடப் பொருத்தமானவர் யார்?

நந்தினி விஷயத்தில் கல்கியே பாதி வேலையைச் செய்து வைத்திருந்தார். ஈழத்துக் காட்டில் யானைகளுக்கு நடுவே திரியும் ஊமை ராணி மந்தாகினிக்கும் பழுவூர் இளைய ராணி நந்தினிக்கும் ஒரே முகச்சாயல் என்பது கதையின் முடிச்சு. இரண்டு வேஷத்துக்கும் ஒருத்தியே வேண்டும், ஒன்றில் பேச்சே ஆயுதம், மற்றதில் பேச்சே இல்லை. ஐஸ்வர்யா ராய் நந்தினியில் ஜொலித்தார். ஊமை ராணியில் இன்னும் கொஞ்சம் காடு ஒட்டியிருக்கலாம். நாவலில் அவள் இலங்கை மண்ணின் ஆள். கல்கி கதைக்காக இந்தத் தீவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர். படக்குழுவோ 2019 டிசம்பரில் முதல் கட்டப் படப்பிடிப்புக்குத் தாய்லாந்துக்குப் போனது. சப்ரகமுவக் காட்டைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அந்த மரம் செடிகளில் சின்ன ஒட்டாமை தெரிந்திருக்கும். நடிகர்களுக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் காட்டுக்கும் பொறுக்கலாம் என்று கேட்பது தப்பில்லையே.

பட்டியல்காரர்களுக்குப் பெரிய அடி மணிமேகலையில் விழுந்தது. கந்தமாறனின் தங்கை. வந்தியத்தேவனை மனதுக்குள் வரித்துக்கொண்டு, கடைசியில் அவன் மடியிலேயே உயிர்விடுகிற பெண். ஐந்து பாகத்தின் முடிவே அவள்தான். படத்தில் அவள் இல்லவே இல்லை. அவளுக்கென்று வருடக்கணக்கில் ஒரு நடிகையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர்களுக்கு இருட்டரங்கில் எப்படி இருந்திருக்கும்! 1999இல் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் மேஜிக் லேண்டர்ன் குழு நாவலை நாடகமாக்கியபோது பிரதி எழுதியவர் குமரவேல். படத்தின் திரைக்கதையிலும் அவர் பெயர் இருக்கிறது. சுருக்குவதன் வலியை அவரைவிட அறிந்தவர் குறைவு. ஆனால் வாசகர் எதையும் சுருக்க வேண்டியதில்லை. அவர் படத்தில் எல்லாரும் வருவார்கள், பட்ஜெட்டும் கிடையாது.

விரும்பிய வேஷம் கிடைக்காதவர் கதையும் ஒன்று உண்டு. லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் நாவலை வருடம் ஒரு தடவை வாசித்து வந்த கிறிஸ்தோபர் லீ, அதை எழுதிய டோல்கினை நேரில் சந்தித்தவர். அவருக்கு ஆசை கண்டால்ஃப் வேஷத்தின்மேல். கிடைத்தது எதிரி மந்திரவாதி சாருமான். அந்தக் குரலைக் கேட்ட பிறகு சாருமானுக்கு வேறு ஆளை நினைக்க முடிகிறதா? ரசிகரின் ஆசை ஒரு பக்கம் இழுக்க, வேஷம் தன் ஆளைத் தானே தேடிக்கொண்டது.

இப்போது களம் வேள்பாரிக்கு மாறியிருக்கிறது. சு. வெங்கடேசன் ஆனந்த விகடனில் 2016 முதல் 2018 வரை எழுதிய தொடர். படம் வரைந்தவர் மணியத்தின் மகன் மணியம் செல்வன், ஆகவே இதற்கும் ஒரு முதல் நடிகர் குழு தாளிலேயே தயார். படமாக்கும் உரிமை தன்னிடம் இருப்பதாக இயக்குநர் ஷங்கர் 2024இல் பகிரங்கமாகச் சொன்னார். அன்றிலிருந்து பாரிக்கு யார் என்ற சண்டை ஓயவில்லை. திசை காட்டும் தேவவாக்கு விலங்காக அந்த நாவலில் வரும் தேவாங்கு, இந்த ஈரவலயக் காடுகளிலும் இரவில் கண் மினுக்கும் பிராணி. எஹலியகொட வாசகருக்குப் பாரியின் பறம்பு மலை அவ்வளவு அந்நியம் இல்லை.

ஆனால் பாரியில் தொடங்குவது தவறான இடத்தில் தொடங்குவது. நாவல் தொடங்குவது கபிலரோடு. இளைஞன் நீலன் முன்னே போக, அந்தப் புலவர் மூச்சு வாங்க மலை ஏறுகிறார். அவர் கண் வழியாகத்தான் பறம்பையே நாம் பார்க்கிறோம். ஏற்றத்தில் களைக்கும் உடம்பு, நின்ற இடத்தில் தமிழை முழுசாகப் பேசும் நாக்கு, எதைக் கண்டாலும் வியக்கும் கண் மூன்றும் வேண்டும். அதற்கு நாசர்தான் ஆள். பாரியைப் பற்றி நட்சத்திர ரசிகர்கள் அடித்துக்கொள்ளட்டும். நீலனுக்குப் புதுமுகம் தேடுகிறவர்கள் மலை ஏறி இறங்கிப் பழகிய பையன்களைப் பார்த்தால் நல்லது. அப்படிப்பட்டவர்கள் தேயிலைத் தோட்டங்களில் நிறையவே இருக்கிறார்கள்.