ஒன்றான தெய்வங்களும் ஒன்றாத தெருக்களும்

ஆண்டுதோறும் ஆடித் திங்களில் சங்கரன்கோவிலில் தவசுக் காட்சி. அரன் பாதி, அரி பாதியென ஓருருவாய் நிற்கும் சங்கரநாராயணரைக் காண, தெருக்கள் கொள்ளாத கூட்டம் திரளுகிறது. கூட்டத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. கூட்டத்துக்குச் சொல்லப்படும் கதையை எடைபோட்டுப் பார்ப்பதே நோக்கம்.

சங்கன், பதுமன் என இரு நாக மன்னர்கள். ஒருவன் சிவனடியான், மற்றவன் திருமாலடியான். எவர் தெய்வம் பெரிது என்று வழக்கு மூண்டது. அம்மையிடம் முறையிட்டனர். கோமதியம்மை தவமிருந்தாள், இருவரும் ஒருவரே எனக் காட்சி கிடைத்தது, வழக்குத் தீர்ந்ததாம்!

நல்லெண்ணத்தில் பிறந்த கதை என்பதை மறுக்கமாட்டோம். சமயப் பூசல் மலிந்த நாட்டில், பூசல் வேண்டாம் என்று சொல்ல ஒருவர்க்குத் தோன்றியதே பெரிது. ஆயினும் கதையில் குறைகள் இரண்டு. சமமாக்கப்பட்டவர்கள் ஆண்டவர்கள், அடியார்கள் அல்லர். மேலும், வழக்கிட்ட இருவரும் தம் மனத்தை மாற்றிக்கொள்ள ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. தவம் வேறொருத்தியுடையது, காட்சி மேலிருந்து வந்தது, இவர்கள் பார்த்தார்கள், அவ்வளவே!

பார்த்துவிட்டுத் திரும்புவோரின் தெரு எப்படி இருக்கிறது? 2022 செப்டம்பரில், சங்கரன்கோவிலுக்கு அருகே பாஞ்சாங்குளத்தில், தின்பண்டம் வாங்கக் காசுடன் வந்த ஒடுக்கப்பட்ட வகுப்புச் சிறுவர்களை, ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதைப் படமெடுத்துப் பரப்பவும் செய்தனர்! கடை பூட்டப்பட்டது, கைது நடந்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, குற்றஞ்சாட்டப்பட்டோர் ஆறு மாதம் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை விதித்தது.

சட்டம் தன் கடமையைச் செய்தது. அது கடையைப் பூட்டும், மனத்தைத் திறக்குமா? தண்டனைக்கு அஞ்சி மிட்டாய் விற்பவன் வணிகன் ஆகலாம்; அண்டைவீட்டான் ஆவானா?

தென் மாவட்டங்களின் சாதிக் கலவரங்களுக்குப் பின் எழுந்ததே பெரியார் நினைவு சமத்துவபுரம். மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998-இல் முதலாவது திறக்கப்பட்டது. வீடுகள் 100, ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. கதை தெய்வங்களை இணைத்தது. இத்திட்டம் திண்ணைகளை இணைக்க முனைந்தது. இதுவே பெரும் முன்னேற்றம். எனினும், அரசு சுவரை அடுத்தடுத்து எழுப்பித் தரலாம். சுவரைத் தாண்டிக் குழம்புக் கிண்ணத்தை நீட்ட வேண்டிய கை நம்முடையது.

தோழர்களே! நட்பு காட்சியன்று, பழக்கம். ஒரே கடையில் ஒரே குவளையில் தேநீர். ஒரு வீட்டுச் சாவுக்கு மறு தெருவின் தோள். ஒரு வீட்டுத் திருமணத்தில் மறு தெருவின் பந்தி. இவை நாள்தோறும் நடக்கவேண்டும். பாஞ்சாங்குளத்துச் சிறுவர்கள் எந்தத் தெய்வத்தின் காட்சியையும் கேட்கவில்லை. கையிலிருந்த காசுக்கு மிட்டாய் கேட்டார்கள். அதைச் சிரித்த முகத்தோடு கொடுக்கும் ஊரே ஒன்றான ஊர்!