தோணியும் வாடகை வீடும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலுள்ள மூதூர் தந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம். சொந்தத் தோணிக்கு ஏங்கும் மீனவ இளைஞனைக் காட்டும் அவரது ‘தோணி’யை நாம் போற்றுகிறோம். தொழிற்கருவி பிறனுடையதாயின் உழைப்பின் பயனும் பிறனுக்கே என்ற உண்மையை அதில் காண்கிறோம்.

ஆனால், கரையேறியதும் அவ்வுண்மையை மறந்துவிடுகிறோம். துறைமுகத் தொழிலாளிக்கு வேலைத்தலத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் அண்மையிலுள்ள வீடும் ஒரு கருவியே. வாடகை மலிவென்று தொலைவில் குடியேறினால், மிஞ்சிய பணம் பஸ் கட்டணமாகிறது. ஓய்வு நேரம் வழியில் கழிகிறது. அதுவும் வாடகையன்றோ?

இலங்கையில் 1972இல் வாடகைச் சட்டமும், 1973இல் வீட்டுடைமைக்கு உச்சவரம்பு விதித்த சட்டமும் இயற்றப்பட்டன. சட்டமே உடைமைப் பிரச்சினையாக ஏற்றுக்கொண்ட வீட்டை, இலக்கிய விமர்சனம் வெறும் கதைப்பின்னணியாகக் கருதலாமா?

1973இல் நூலான அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ சென்னையில் வாடகைக்குக் குடியிருக்கும் ஜமுனா, சாயா என்னும் சகோதரிகளின் கதை. அவர்களது தண்ணீர்ப் பஞ்சத்தை உள்ளத்து வறட்சியின் குறியீடாக மட்டும் வாசிப்போர், வீடு யாருடையது என்று கேட்பதில்லை.

வகுப்பறையிலே நாம் கேட்போம்: இக்கதைமாந்தர் யார் வீட்டில் வாழ்கின்றனர்? கூலியில் எத்தனை பங்கு வாடகைக்குப் போகிறது? வேலைக்கு எவ்வளவு தூரம் செல்கின்றனர்?

கோணேசர் மலையையும் கடலையும் வியப்பது பிழையன்று. அக்கடலோரத்தில் குடியிருப்பவன் அடுத்த மாதமும் அங்கே இருப்பானா என்று கேளாமையே பிழை.